மாரலிஸ்டிக் தெரப்யூட்டிக் டீயிசம்: சொல் விளக்கம்

அமெரிக்கப் பதின்பருவத்தினரின் சமய நம்பிக்கை ஆழமற்றது என்று குறை கூறுவோர் பெரும்பாலும் எடுத்தாளும் தொடர் இது. சமூகவியலாளர்கள் கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா லண்ட்குவிஸ்ட் டென்டனும் 2005-இல் வெளியிட்ட ‘சோல் சர்ச்சிங்’ நூலில் இதை உருவாக்கினர். 13 முதல் 17 வயது வரையுள்ள 3,000-க்கும் மேற்பட்டோரிடம் தொலைபேசியில் நடத்திய ஆய்வும், அவர்களுள் 267 பேருடன் நேரில் நிகழ்த்திய நீண்ட உரையாடல்களும் இந்நூலுக்கு அடிப்படை.

இத்தொடர் குறிக்கும் கொள்கை இது: உலகைப் படைத்த கடவுள் ஒருவர் இருக்கிறார். மனிதர் நல்லவராக நடந்துகொள்வதை அவர் விரும்புகிறார். மகிழ்ச்சியும் மனநிறைவுமே வாழ்வின் குறிக்கோள். சிக்கல் நேரும்போதன்றி அவர் நம் வாழ்வில் தலையிட வேண்டியதில்லை. நல்லவர்கள் இறந்தபின் விண்ணுலகம் சேர்வர். இவையே அக்கொள்கையின் ஐந்து கூறுகள். முதற்பார்வைக்கு இதில் பிழையொன்றும் தெரியாது. ஆனால் மனந்திரும்புதல், கிருபை, சிலுவை, உயிர்த்தெழுதல் ஆகிய எதற்கும் இதில் இடமில்லை.

முதற்சொல்லின் வேரான ‘மொராலிஸ்’, ஒழுக்கம் சார்ந்தது என்று பொருள்படும் ‘எதிகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக ரோமானிய அறிஞர் சிசரோ ஆக்கிய இலத்தீன் சொல். இரண்டாவது சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. கிரேக்க மொழியில் ‘தெரபெயா’ என்பது பணிவிடை, பராமரிப்பு, மருத்துவம் ஆகியவற்றோடு, மனிதர் தெய்வங்களுக்குச் செய்யும் வழிபாட்டையும் குறித்தது. இத்தொடரிலோ பணிவிடை செய்பவர் கடவுள், பெறுபவர் மனிதர் என்று திசை முற்றிலும் மாறிவிட்டது. கடவுள் என்று பொருள்படும் ‘டேயுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது டீயிசம். தம்மை டீயிஸ்டுகள் என்று அழைத்துக்கொண்டோரைப் பற்றிச் சுவிஸ் சீர்திருத்தவாதி பியேர் விரே 1564-ஆம் ஆண்டு நூலொன்றில் குறிப்பிட்டுள்ளார்.

படைத்தபின் உலகில் தலையிடாத கடவுளையே பிற்கால டீயிஸ்டுகளில் பலர் ஏற்றனர். ஸ்மித் காட்டும் கடவுளோ அழைத்தால் வந்து, மனத்தை ஆற்றிவிட்டு, திரும்பிச் செல்பவர். ஆகவே டீயிசத்தை ‘ஒதுங்கிய கடவுட்கொள்கை’ என்று தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது. தெரப்யூட்டிக் என்பதற்குச் ‘சிகிச்சை’ என்று எழுதினால் மருந்து வாடை வீசும். மனத்தை ஆற்றுதல் என்னும் வழக்கே பொருந்தும். இலங்கையில் உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) வழங்கும் ‘ஆற்றுப்படுத்தல்’ வழிகாட்டும் பொருளுடையதாகையால் இங்கு உதவாது. ‘ஒழுக்க ஆறுதல்சார் ஒதுங்கிய கடவுட்கொள்கை’ என்பது என் பரிந்துரை. சற்று நீளம்தான், எனினும் மூலமும் நீளமானதே.

நம்மிடம் வழங்கும் ‘பெயர்க் கிறிஸ்தவர்’ இதற்கு நிகராகாது. பெயர்க் கிறிஸ்தவர் ஆலயத்தை மறந்தவராக இருக்கலாம். இக்கொள்கையினரோ ஞாயிறு தவறாமல் வந்து, வாலிபர் கூட்டத்தில் பாடவும் செய்யலாம். ‘இளைஞரின் மேலோட்டமான விசுவாசம்’ என்பதும் சரியன்று. இளைஞர் பெரும்பாலும் தம் பெற்றோரின் நம்பிக்கையையே பிரதிபலிக்கின்றனர் என்பது அந்நூலாசிரியர்களின் முடிவு.