ஒரு வாய் மட்டும், பதினான்கு நாள்

தட்டில் போட்ட பீன்ஸ் பொரியலை ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்கிறோம். அந்தப் பிடிவாதம் நம் குடும்பத்தைவிடப் பழையது. செடிகளில் இருக்கும் நச்சுப்பொருள்கள் பல கசப்பானவை. அதனால் கசப்பு பட்டதும் முகம் சுளிக்கும் நாக்கோடுதான் பிறக்கிறோம். இனிப்பைப் பழக்கவே வேண்டியதில்லை, தாய்ப்பாலே இனிப்பானது. நடக்கத் தொடங்கிக் கண்டதையெல்லாம் வாயில் போடும் பருவம் வந்ததும் அறியாத உணவின் மீதான அச்சம் கூடுகிறது. ஏறக்குறைய இரண்டு முதல் ஆறு வயதுவரை அது உச்சத்தில் இருக்கும். முதல் டிபன் பாக்ஸ் பள்ளிக்குப் போவதும் அதே வயதில்தான்.

இந்த அச்சத்தைப் போக்குவது அனுபவம். புதிய உணவில் ஒரு வாய் உண்கிறோம். வயிறு வலிக்கவில்லை, வாந்தி வரவில்லை. 'இதனால் ஆபத்தில்லை' என்று மூளை குறித்துக்கொள்கிறது. ஒரு தடவை குறித்தால் போதாது. சில பிள்ளைகளுக்குப் பத்து, பதினைந்து தடவைகூட ஆகும். நாமோ நாலாவது நாளே "இவனுக்குக் கேரட் ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

லண்டனில் ஜேன் வார்டில், லூசி குக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை வீடுகளிலேயே சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். இரண்டு முதல் ஆறு வயதுவரையிலான பிள்ளைகளின் பெற்றோரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர், பிள்ளை அவ்வளவாக விரும்பாத ஒரு காயைத் தினமும் சிறிதளவு சுவைக்கக் கொடுத்தார்கள், பதினான்கு நாள். இன்னொரு குழுவுக்குச் சத்துணவு பற்றிய அறிவுரையும் துண்டுப்பிரசுரமும் கிடைத்தன. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. தினமும் சுவைத்த பிள்ளைகள் அந்தக் காயை முன்பைவிட விரும்பினார்கள், கூடுதலாகவும் தின்றார்கள். துண்டுப்பிரசுரத்துக்கு அந்த வலிமை இல்லை. பள்ளிக்கூடச் சுவர்களில் காய்கறிப் படங்களை ஒட்டிவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த ஒரு வாயும் வற்புறுத்தலாகிவிட்டால் கதை மாறிவிடுகிறது. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் இரண்டு சூப்புகள் தரப்பட்டன. ஒரு சூப்புக்கு மட்டும் "குடித்து முடி" என்ற நச்சரிப்பு உண்டு. நச்சரிப்பு இல்லாத சூப்பைத்தான் பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தார்கள். நச்சரித்த சூப்பைக் குறைசொல்லிக்கொண்டே இருந்தார்கள். "கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்ற பேரத்திலும் இதே சிக்கல். கீரை கூலிக்குச் செய்யும் வேலை, ஐஸ்கிரீம் அதற்கான சம்பளம் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் பரிசே கூடாது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு வாய் சுவைத்ததற்கு ஒரு ஸ்டிக்கர் தந்தபோது விருப்பம் குறையவில்லை என்பதையும் குக்கின் குழு பின்னர் கண்டது. ஓர் உணவுக்கு இன்னோர் உணவைக் கூலியாக வைக்காமல் இருப்பது நல்லது.

ஓடியாடுவதிலும் பிள்ளைகள் காதால் கற்பதில்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அசைவை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள்; முடிவு 1991-இல் வெளியானது. அம்மா சுறுசுறுப்பானவர் என்றால் பிள்ளையும் அப்படி இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. அப்பா என்றால் 3.5 மடங்கு, இருவருமே என்றால் 5.8 மடங்கு. பரம்பரையும் வீட்டு வசதியும் இதில் கலந்திருக்கக்கூடும், எல்லாமே பார்த்துப் பழகியது என்று சொல்லிவிட முடியாது. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமாகவோ தீவிரமாகவோ ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். "போய் விளையாடு" என்று சோபாவில் சாய்ந்தபடி சொல்லும் என்னைப் போன்ற அப்பாக்களுக்கு, தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் பிள்ளையோடு விறுவிறுவென நடந்து போவது அந்த அறுபதில் பத்து நிமிடத்தை எளிதாகக் கொடுத்துவிடும்.