தொண்டையில் கிருமி, இதயத்தில் அடி

டிப்தீரியாவுக்குத் தமிழில் தொண்டை அடைப்பான் என்று பெயர். பொருத்தமான பெயர்தான், ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

நோயுற்ற குழந்தையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், டான்சில்மீது சாம்பல் நிறப் படலம் தெரியும். சாதாரணத் தொண்டைப் புண்ணின் வெள்ளைச் சீழ், பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். இது வராது. பிய்த்தால் இரத்தம் கசியும். செத்த செல்களும் வெள்ளையணுக்களும் கிருமிகளும் உறைந்து இறுகிய பொருக்கு அது. கிரேக்க மொழியில் 'டிப்தெரா' என்றால் தோல்; டிப்தீரியா என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான். படலம் குரல்வளைக்கு இறங்கினால் மூச்சே அடைபடும்.

மீதிக் கதை 1884இல் தொடங்குகிறது. ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் லோஃப்லர், இந்தக் கிருமியை கினிப் பன்றிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார். செத்த விலங்குகளை அறுத்துப் பார்த்தபோது, கிருமி ஊசி போட்ட இடத்திலேயே இருந்தது. பழுதாகியிருந்தவையோ எங்கோ இருந்த உறுப்புகள். கிருமி நகரவில்லை என்றால், அதிலிருந்து ஏதோ நஞ்சு போயிருக்கவேண்டும். 1888இல் பாரிஸில் ரூ, யெர்சின் என்ற இரு ஆய்வாளர்கள், கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தி இதை நிரூபித்தார்கள்.

இந்த நஞ்சு செல்லுக்குள் புகுந்து புரத உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் அந்த செல் சாகலாம். இதில் வேடிக்கை, நஞ்சுக்கான மரபணு கிருமியின் சொந்தச் சொத்துகூட இல்லை. பாக்டீரியாவான இந்தக் கிருமியையே தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து வைத்தது. தொண்டை தேறிவரும் இரண்டாவது வாரத்தில்கூட இதயம் தடுமாறலாம். அண்ணத்தின் நரம்புகள் செயலிழந்தால், குடித்த தண்ணீர் மூக்கு வழியே வரும். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் நச்சுமுறி மருந்து, செல்லுக்குள் புகாத நஞ்சை மட்டுமே முறிக்கும். அதனால்தான் சந்தேகம் வலுத்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் அதைச் செலுத்துகிறார்கள்.

நோய் பரவுவது இருமல், தும்மல் துளிகளால். சில சமயம் தோல் புண்களாலும். அறிகுறியே இல்லாதவர்களும் பரப்புவார்கள். தடுப்பூசி பழக்குவது நஞ்சை எதிர்க்க, கிருமியை அல்ல. எனவே ஊசி போட்டவர் தொண்டையிலும் அது தங்கலாம். அவருக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் ஊசி போடாதவர் படுத்துவிடுவார்.

எதிர்ப்பாற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்வதும் உண்டு. இந்தியாவில் 10, 16 வயதுகளில் டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்குமான டிடி (Td) ஊசி வைத்திருப்பது அதற்காகத்தான். பல வீடுகளில் மறந்துபோவதும் அதுதான். 1990களில் சிதறிய சோவியத் நாடுகளில் 1,50,000 பேருக்கு மேல் இந்நோய் தாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் 15 வயதைக் கடந்தவர்கள்.