வளைகுடா வேலைக்குப் பணம் கட்டும் முன்: குடிபெயர்வு அனுமதியில் குமரி மாவட்டத்தார் கவனிக்க வேண்டியவை

குளச்சல், மார்த்தாண்டம், தூத்தூர் பக்கங்களிலிருந்து வளைகுடாவுக்குச் சென்று, சம்பளமும் கிடைக்காமல் திரும்பவும் முடியாமல் தவித்தவர்களின் குடும்பங்களோடு பேசும்போதெல்லாம், வேலை ஒப்பந்தத்தைச் சரிபார்த்து அரசு தரும் குடிபெயர்வு அனுமதி என்ற ஒன்று இருப்பதையே அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது தெரியவருகிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்புள்ள பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இந்த அனுமதி கட்டாயம். சொந்தக்காரர் அனுப்பிய விசாவாக இருந்தாலும் இதே விதிதான்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ‘எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். தேறியவர்களுக்கு அப்படி எதுவும் அச்சிடப்படுவதில்லை, ஆனால் இ.சி.என்.ஆர். (சோதனை தேவையில்லை) என்ற முத்திரையைத் தேடிக் காணாமல் கலங்குகிறவர்களும், அதை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் பணத்தை இழப்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். இதைவிட வேதனையானது, பத்தாம் வகுப்புத் தேறியவரின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் மதிப்பெண் சான்றிதழைச் சேர்க்காமல் விட்டதால் இ.சி.ஆர். விழுந்துவிடுவது. அதை நீக்க, சான்றிதழோடு பாஸ்போர்ட் மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் கட்டி, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரிலும் போக வேண்டும். விசா வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்; புதிய பாஸ்போர்ட்டுக்குப் புதிய எண் வருவதால், பழைய எண்ணில் எடுத்த விசாவைக் கொண்டு புறப்பட முடியாமல் அலைய நேரிடும்.

அனுமதி வாங்கும் அலைச்சலைத் தவிர்க்கலாம் என்று சொல்லி ஏஜென்ட் காட்டும் குறுக்குவழி விசிட் விசா. சுற்றுலாவுக்குச் செல்பவரிடம் குடிபெயர்வு அனுமதி கேட்பதில்லை என்பதால் விமானம் ஏறிவிடலாம். அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிப் போனவரின் ஒப்பந்தத்தை இங்கே எந்த அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார், காப்பீடும் இராது, விசா நாள் முடிந்ததும் தங்கியிருப்பதே குற்றமாகிவிடும். விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஏஜென்ட்டுக்கு மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு இருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடி, அது செல்லுபடியாகிறதா, காலாவதியாகிவிட்டதா, நிறுத்திவைக்கப்பட்டதா என்று பாருங்கள். நம் ஊர்களில் ஆள் பிடிப்பவர்களில் பலர் சென்னையிலோ மும்பையிலோ உள்ள யாரோ ஒருவரின் உரிமத்து நகலைக் காட்டும் துணை ஏஜென்ட்கள். அவர்களுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ஒன்றரை லட்சம் கேட்டுவிட்டு ரசீது தர மறுப்பவர், பின்னால் அந்தப் பணத்தை வாங்கவே இல்லை என்று சொல்வதற்கு வழி செய்துகொள்கிறார் என்றே கொள்ளுங்கள். அரபியில் இருக்கும் விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்பதை, அந்த மொழி தெரிந்த வேறொருவரிடம் காட்டிக் கேளுங்கள். கட்டுமான வேலை என்று சொல்லி ஆடு மேய்க்க அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். ஈரான் அந்த 18 நாடுகளில் இல்லை. ஆகவே மீன்பிடி வேலைக்கு அங்கே போகிறவரிடம் குடிபெயர்வு அனுமதி கேட்கப்படுவதில்லை. அவருடைய ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் கட்டமும் இல்லாமல் போகிறது. 2020-இல் கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கிய குமரி மீனவர்கள் பட்ட பாட்டை நம் ஊர்கள் மறந்திருக்காது. ஏஜென்ட்டின் பதிவு மட்டும் எந்த நாட்டுக்கு ஆள் எடுத்தாலும் தேவை என்பதால், ஈரானுக்குப் புறப்படுகிறவருக்கு அந்தச் சோதனை ஒன்றே துணை. நர்சுகள் நிலை வேறு: அவர்களிடம் இ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட் இருந்தாலும், அந்த 18 நாடுகளுக்கு அனுமதி வாங்கியே போக வேண்டும்.

அனுமதி பெறும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். மாரடைப்பு போன்ற இயற்கை மரணத்துக்கு இந்தத் தொகை கிடைக்காது என்பதைக் குடும்பத்தார் பெரும்பாலும் இறப்புக்குப் பிறகே அறிகிறார்கள். பாலிசியின் ஒரு நகலும் ஒப்பந்தத்தின் ஒரு நகலும் வீட்டில் இருக்கட்டும். வேலையை நீட்டித்தால் காப்பீட்டையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

ஏமாந்த பிறகு நடக்கும் அலைச்சல்தான் பெரும் கொடுமை. காவல் நிலையத்தில் இது கொடுக்கல் வாங்கல் தகராறு என்பார்கள். இந்த அனுமதியை வழங்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமோ நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் இருக்கிறது. அங்கே போனால் காவல்துறையிடம் புகார் கொடுத்தீர்களா என்ற கேள்வி வரும். வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லியும் திருப்பி அனுப்புவார்கள். அந்த முன் அனுமதியைக் கோரும், குடிபெயர்வுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே, பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் தாய், தந்தை, மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அது தேவையில்லை என்றும் சொல்கிறது. எனவே புகார் மனுவில் சட்டத்தின் 10, 24, 27 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டு, பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸ்அப் உரையாடல், விசா நகல் ஆகியவற்றை இணைத்து, மனு பெற்றதற்கான ரசீதை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள். ஆள் இன்னும் வெளிநாட்டில் இருந்தால், 1800-11-3090 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அதே நாளில் பதிவு செய்யுங்கள்.