ஆப்பிரிக்க சிக்லிட்: ஒரே தொட்டியில் யாரை யாரோடு விடலாம்?

பங்குனியில் கண்மாய்த் தண்ணீர் உள்வாங்கியதும் கரையோரச் சேற்றில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஜிலேபி கெண்டையின் ஆண்கள் வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டிய குழிகள் அவை. ஒரு குழி ஓர் ஆணின் எல்லை. பக்கத்துக் குழிக்காரன் உள்ளே வந்தால் அடிதடிதான். பெண் மீன் அங்கே முட்டையிட்டு, இட்ட முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த இந்த மீனும் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் ஆப்பிரிக்க வகைதான். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அலங்கார மீனாக வாங்கி வளர்க்கும், கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுகள் இதற்கு உறவுமுறை. நிறம்தான் வேறு, எல்லைக்காகச் சண்டை போடும் குணம் அப்படியே இருக்கிறது.

புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறும் இடம், கடையில் பல இனக் குஞ்சுகளைக் கலந்து வைத்திருக்கும் 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' தொட்டி. மூன்று செ.மீ. குஞ்சாக இருக்கும்போது எல்லாமே சாது. சில மாதங்களில் ஆண்கள் வயதுக்கு வரும்போதுதான் கதை மாறும். ஆரட்டஸ் என்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சில் பொன் மஞ்சளில் கறுப்புக் கோடு, பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். ஆண் முதிர்ந்தால் உடல் கறுத்து, நாலடித் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு மற்றவற்றைக் கொல்லும். டெமசோனி, கென்யி, சிபோக்கே ஆகியவையும் முதல் தொட்டிக்கு வேண்டாம்.

சண்டை ஏன் வருகிறது என்று புரிந்தால் தேர்வு எளிது. மலாவி ஏரியின் பாறைப் பகுதியில் வாழும் சிக்லிட்டுகளை அங்குள்ள மீனவர்கள் 'ம்புனா' என்கிறார்கள். பாறை மீன் என்று பொருள். ஒரு பாறை இடுக்கைப் பிடித்த ஆணுக்கு அதுவே சாப்பாடும் மறைவிடமும் முட்டையிட வரும் பெண்ணும். ஆகவே அதற்கு முதல் எதிரி, தன்னைப் போலவே இருக்கும் இன்னொரு ஆண். நிறம், கோடு, உடல்வாகு இவற்றை வைத்துத்தான் எதிரியை அடையாளம் காண்கிறது. வேறு இனமாக இருந்தாலும் சாயல் ஒத்துப்போனால் அடி விழும். கென்யியில் பெண் நீலம், ஆண் வளர்ந்தால் மஞ்சள். அதை முழு மஞ்சளான எலெக்ட்ரிக் எல்லோ என்ற ம்புனாவோடு விட்டால் மஞ்சள் மஞ்சளைத் துரத்தும். சவுலோசி என்ற இன்னொரு ம்புனாவின் பெண்ணும் மஞ்சள். தனித் தொட்டியில் சவுலோசி அருமையான மீன், எலெக்ட்ரிக் எல்லோவோடு மட்டும் சேர்க்கக் கூடாது. சாயல் ஒத்தவை சண்டை போடாவிட்டால் கலந்து இனப்பெருக்கம் செய்யும். பிறகு குஞ்சு எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது சாப்பாடு. ம்புனாக்களில் பெரும்பாலானவை பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளம். அதே ஏரியில் மணலைச் சலித்துப் பூச்சி தின்னும் பீகாக் என்ற சிக்லிட் வகைக்குக் குடல் குட்டை. இரண்டையும் ஒன்றாக விட்டால் யாருக்காவது தவறான தீனி போகும். அதோடு பீகாக் சாதுவானது, ம்புனாவிடம் உதைபட்டு நிறம் மங்கி மூலையில் ஒதுங்கும். ம்புனாவுக்கு ஈரல், இறைச்சி, ரத்தப்புழு என்று கொடுத்துப் பழக்கினால் வயிறு உப்பும் நோய்க்கு வழி விட்டதாகும். தீனியை வாயில் வாங்கித் துப்புவதும், கழிவு வெள்ளை நூலாகத் தொங்குவதும் முதல் அறிகுறி. ஸ்பைருலினா பாசி சேர்ந்த குருணைத் தீனி, நாளுக்கு இரு வேளை, அரை நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், 4 × 1½ × 1½ அடித் தொட்டிக்கு எங்கள் தேர்வு மூன்றே இனம்: எலெக்ட்ரிக் எல்லோ, ரஸ்டி, எல்லோ டெயில் ஏசீ. ஒவ்வொன்றிலும் ஐந்து. ஒன்று முழு மஞ்சள், ஒன்று துருப்பிடித்த ஊதா, ஒன்று நீல உடலில் மஞ்சள் வால். ஒன்றையொன்று எதிரியாக நினைக்கச் சாயல் இல்லை. ஏசீ பாறையை விட்டு நடுத்தண்ணீரில் கூட்டமாக நீந்தும் என்பதால் இடமும் பிரிந்துவிடுகிறது. குஞ்சில் ஆண் பெண் தெரியாது. 4–5 செ.மீ. அளவில் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டு, வளர்ந்தபின் உபரி ஆண்களைக் கடைக்குத் திருப்பி, ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்று கொண்டுவருவதே வழி.

பதினைந்து அதிகமில்லையா என்று கேட்கலாம். நான்கைந்து மட்டும் இருந்தால் வலியவன் ஒருவனையே துரத்தித் துரத்திக் கொல்வான். ஏரியில் தோற்றவன் தப்பி ஓட இடம் உண்டு, தொட்டியில் இல்லை. கூட்டம் இருந்தால் துரத்தல் பலர்மேல் பங்கு பிரிந்து யாருக்கும் பெரிய காயம் இல்லாமல் போகும். அதற்கு விலை வடிகட்டி: மணிக்கு 1500 முதல் 2000 லிட்டர் தள்ளும் ஃபில்டர் வேண்டும், வாரம் 25–30 சதவீதத் தண்ணீரை மாற்ற வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு வித்தியாசம். முற்றத்தில் பிடித்து அண்டாவில் சேர்த்த மழைத்தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் குடிக்கச் சுகம், இந்த மீனுக்கு ஆகாது. சுண்ணமும் கார்பனேட்டும் இல்லாததால் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்கு மேல் காரம்) நிலைக்காது. வேண்டியது 7.8 முதல் 8.5 வரை பி.எச். போர்த் தண்ணீர் பல வீடுகளில் அப்படியே பொருந்தும். பிடித்தவுடன் சோதிக்காதீர்கள், கரைந்த கரியமில வாயுவால் பி.எச். குறைவாகக் காட்டும். ஒரு நாள் காற்றுக் குமிழி விட்டபின் பாருங்கள். கரைந்த பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது, உப்புத் தண்ணீரும் அதில் பெரிய எண் காட்டும். சுண்ணம் எவ்வளவு என்று காட்டும் கடினத்தன்மைக்குத் தனிச் சோதனை உண்டு. வீட்டில் சாஃப்ட்னர் இருந்தால் அதற்கு முந்தைய குழாயில் பிடியுங்கள், அது சுண்ணத்தை எடுத்துவிட்டு சோடியத்தைத் தருகிறது.

தண்ணீர் மென்மையாக இருந்தால் கிளிஞ்சல் போதும். ஒரு கிலோவைக் கழுவிக் கொதிக்கவைத்து, உடைத்து, வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள். பி.எச். இறங்கும்போது கரையும், 8-ஐ நெருங்கும்போது கரைவது ஏறக்குறைய நின்றுவிடும், எல்லை மீறாது. ஆனால் சுட்ட கிளிஞ்சல், அதாவது வீட்டுச் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பு, வேறு பொருள். அதில் ஒரு கரண்டி விழுந்தாலும் பி.எச். தாறுமாறாக எகிறும், மீன் பிழைக்காது. கார்பனேட்டை உடனே உயர்த்த ஆப்பச் சோடா உதவும்: 100 லிட்டருக்கு 6 கிராம் போட்டால் கார்பனேட் கடினத்தன்மை சுமார் 36 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) கூடும். வாளியில் கரைத்து, தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

காரத் தண்ணீரில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நச்சு வடிவம் பி.எச். 7-இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 8.2-இல் சுமார் 9 சதவீதம். சாதாரணத் தொட்டியில் மன்னிக்கப்படும் தவறு இங்கே மீனைக் கொன்றுவிடும். அதனால் அம்மோனியாவை மாற்றிவிடும் பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் காத்திருங்கள். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியபின் மீன் விடலாம். ஏற்கெனவே மீன் வளரும் தொட்டியின் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் காலம் பாதியாகும்.

கல்லை மணலுக்குமேல் அடுக்காதீர்கள். மீன் அடியில் தோண்டும், கல் சரிந்து கண்ணாடி உடையும். முதலில் தளத்தில் தெர்மோகோல் தாள், அதன்மேல் கருங்கல், பிறகு மணல். செம்புறாங்கல் உதிர்ந்து தண்ணீரைச் சிவப்பாக்கும், வேண்டாம். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாதபடி கல்லை மேல்வரை ஏற்றுங்கள். கண்ணில் படாதவனை யாரும் துரத்துவதில்லை. நிரம்பிய தொட்டி 300 கிலோவைத் தாண்டும் என்பதால் தரைத்தளமே நல்லது.

கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்ஸிஜன் குறையும். மூடியைத் திறந்து மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியானதை ஈடுகட்ட மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

காலையில் ஒரு மீன் மேல்மூலையில், வால் கிழிந்து, அசையாமல் நின்றால் பலர் அதைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். மறுநாள் அந்த மூலையில் வேறொன்று நிற்கும். பிடிக்க வேண்டியது துரத்துபவனை. நான்கு நாள் தனியே வைத்து, அதற்குள் கற்களை இடம் மாற்றிவிட்டு, விளக்கை அணைத்தபின் திரும்ப விடுங்கள். அவன் காத்து நின்ற இடுக்கு அங்கே இருக்காது. மற்றவர்கள் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பார்கள்.