பந்தயம் முடிந்தபின் நினைவில் எது மிஞ்சுகிறது?

1988 மே மாதம், மொனாக்கோ. ஞாயிற்றுக்கிழமை ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் முதலிடத்திலிருந்து கிளம்பப் போவது யார் என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்று சனிக்கிழமை நடந்தது. ஓட்டுநர் அயர்டன் சென்னா பந்தயப் பாதையை ஒருமுறை சுற்றிவருவதை 1 நிமிடம் 23.998 வினாடியில் முடித்தார். அதே மெக்லாரன் அணியில், அதே வகைக் காரில் ஓடிய அலென் புரோஸ்ட் அவரைவிட 1.427 வினாடி அதிகம் எடுத்துக்கொண்டார். வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கே மல்லுக்கட்டும் விளையாட்டில் இது மலையளவு வித்தியாசம்.

அந்த ஓட்டத்தைப் பற்றிப் பின்னாளில் பேசிய சென்னா, யோசித்து ஓட்டவில்லை, ஏதோ ஒரு உள்ளுணர்வில் ஓட்டினேன், பாதை முழுக்க சுரங்கத்துக்குள் போவது போல இருந்தது என்றார். சட்டென்று சுதாரித்தபோது பயம் வந்திருக்கிறது. வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இதை மிகையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வேலையைப் புதிதாகக் கற்கும்போது ஒவ்வொரு அசைவையும் கவனித்துச் செய்கிறோம். ஆயிரம் முறை செய்த பிறகு சிறுமூளையும், மூளையின் அடியில் இருக்கும் நரம்புத் திரள்களும் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. கவனத்துக்கு அங்கே வேலை இல்லை. கவனம் படாதது நினைவிலும் சரியாகப் பதிவதில்லை. 2001-இல் உளவியலாளர்கள் சயான் பெய்லாக், தாமஸ் கார் இருவரும் கோல்ஃப் வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். பந்தைக் குழிக்குள் தள்ளுவது எப்படி என்று பொதுவாகக் கேட்டால், தேர்ந்தவர்கள் புதியவர்களைவிட விரிவாகச் சொன்னார்கள். இப்போது அடித்த அடியை விவரியுங்கள் என்றால் புதியவர்களைவிடக் குறைவாகவே சொன்னார்கள். அப்புறம் கோணல்மாணலான ஒரு மட்டையைக் கொடுத்ததும், அடித்த அடி அவர்களுக்கு நன்றாகவே நினைவிருந்தது! பழக்கம் உடைந்தவுடன் கவனம் திரும்பிவிடுகிறது.

சரி, விபத்தில் சிக்கியவர்கள் ஏன் நேர்மாறாக, "எல்லாம் மெதுவாக நடந்தது" என்கிறார்கள்? நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஈகிள்மன் குழு 2007-இல் இதைச் சோதித்தது. 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை மல்லாக்க வலைக்குள் விழவிட்டார்கள். மற்றவர் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் 36 சதவீதம் நீண்டதாக அவர்கள் கணக்கிட்டார்கள். கையில் கட்டியிருந்த கருவியில் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் எண்கள் மின்னின. காலம் உண்மையிலேயே மெதுவாகியிருந்தால் அவற்றைப் படித்திருக்கலாம். யாராலும் முடியவில்லை.

பார்வை வேகமாகவில்லை, நினைவுதான் அடர்த்தியானது. பயத்தில், மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்வதால் சின்னச் சின்ன விவரமும் அழுத்தமாகப் பதிகிறது என்பது அவர்களுடைய விளக்கம். திரும்பிப் பார்க்கையில் பதிவு நிறைய இருக்கிறது, அதனால் நேரமும் நீண்டிருக்கும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. அவர் தன் நினைவை அளந்து சொல்கிறார், கடிகாரத்தை அல்ல.

மறுநாள் பந்தயத்தில் சென்னா வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அணி சொன்னது, அவரும் குறைத்தார். 67-ஆவது சுற்றில், போர்ட்டியே வளைவில், கார் தடுப்பில் மோதி நின்றது. கவனம் சிதறிவிட்டது என்று பிறகு அவரே சொன்னார்.