பொழுது சாய்ந்தபின் ஜிபிஎஸ் ஏன் தடுமாறுகிறது?

பங்குனி மாதத்தின் ஒரு மாலையில், எட்டு மணி தாண்டியிருக்கும், சாலை விரிவாக்கப் பணிக்காக நில அளவை செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பகலில் நடுச்சாலையில் நிற்க முடியாது என்பதால் அவருடைய குழு வண்டிகள் குறைந்த பிறகுதான் அளந்துகொண்டிருந்தது. ஏழரை மணி வரை சென்டிமீட்டர் பிசகாமல் வேலை செய்த டிஜிபிஎஸ் கருவி (செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு இடத்தை நுட்பமாக அளப்பது), அதன்பிறகு ‘ஃபிக்ஸ்’ என்ற துல்லிய நிலையை விட்டு ‘ஃப்ளோட்’ என்ற உறுதியற்ற நிலைக்குப் போவதும் சில நிமிடங்களில் திரும்புவதுமாக இருந்தது. ஒரே கல்லின் மேல் கம்பத்தை நிறுத்தி மூன்று முறை அளந்தால் மூன்று எண்கள் வந்தன. பேட்டரியை மாற்றியாயிற்று, மரம் இல்லாத திறந்த வெளிக்கு நகர்ந்தாயிற்று, கருவி விற்றவரிடமும் கேட்டாயிற்று. கடைசியில் அவர் தயங்கியபடி கேட்டார்: “சார், காஸ்மிக் கதிர் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்ததே, அதனால் இருக்குமா?”

அந்தச் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்றிரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகே கடந்து செல்கின்றன, செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள் என்று பல ஆண்டுகளாக அது சுற்றி வருகிறது. அது முழுப் பொய். இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறிக் கண்டறிந்த காஸ்மிக் கதிர்கள் எல்லா நேரமும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவை மேலே காற்றில் மோதிப் பிறப்பிக்கும் மியூவான் துகள்களில் ஏறத்தாழ வினாடிக்கு ஒன்று, இதை நீங்கள் வாசிக்கும் இப்போதும், விரித்த உள்ளங்கையின் வழியே போய்க்கொண்டிருக்கிறது. உதகமண்டலத்தில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இந்தத் துகள்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. செல்போனை அணைப்பதால் அவை குறையப் போவதில்லை, அணைக்காததால் கூடப் போவதும் இல்லை.

ஆனால் அந்த இளைஞரின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. அவருடைய கருவியில் பழுதில்லை. தலைக்கு மேலே உண்மையாகவே ஒன்று நடந்துகொண்டிருந்தது. மேல், இடை வளிமண்டலங்களை ஆராய்வதே என் தொழில் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தத் தடுமாற்றம் எங்கோ துருவப் பகுதியில் நடப்பதன்று. அது நம் தென்னிந்தியாவின் வானத்துக்கே உரியது, இலங்கையின் வானத்துக்கும் உரியது.

தரையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு மேல், சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி மின்னேற்றம் பெற்ற பகுதியை அயனிமண்டலம் என்கிறோம். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் கோடு ஒன்று உண்டு. காந்த நிலநடுக்கோடு எனப்படும் அது இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கோடுதான் காரணம். அந்த ராக்கெட் கொண்டுபோனது சோடியம் ஆவி. அந்தி வானில் அந்த ஆவி காற்றால் இழுபட்டுக் கலைவதைப் படமெடுத்து, மேலே காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று கணக்கிட்டார்கள். விண்வெளித் திட்டத்தின் தொடக்கம் என்றே அந்த நாளை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். மேல் வளிமண்டலத்தின் காற்றை அளப்பதற்காக அது ஏவப்பட்டது என்பதை யாரும் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

பகல் முழுவதும் காந்த நிலநடுக்கோட்டின் மேலே ஒரு கிழக்கு நோக்கிய மின்புலம் இருக்கிறது. அது அயனிமண்டலத்தின் எலெக்ட்ரான்களை மெல்ல மேலே தூக்குகிறது. இரவில் அந்த மின்புலம் மேற்கு நோக்கித் திரும்பும். ஆனால் திரும்புவதற்குச் சற்று முன்பு, சூரியன் மறைந்த முதல் ஒரு மணி நேரத்தில், அணையப் போகும் விளக்கு ஒருமுறை சுடர்விட்டு எரிவதைப் போல அது வலுத்துவிடுகிறது. அப்போது 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அடர்த்தியான அடுக்கு 100 கிலோமீட்டர் வரைகூட விறுவிறுவென்று உயர்ந்துவிடும். அதே நேரத்தில் கீழே உள்ள அடுக்குகளில் வெயில் இல்லாததால் எலெக்ட்ரான்கள் அயனிகளோடு சேர்ந்து மறைந்துபோகின்றன. ஆக, கனமான அடுக்கு மேலேயும் கிட்டத்தட்டக் காலியான இடம் கீழேயும் அமைகின்றன.

எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தண்ணீர் கீழே இறங்க, எண்ணெய் குமிழ் குமிழாக மேலே வரும். அயனிமண்டலத்திலும் இதே வகையான நிலைகுலைவுதான் நடக்கிறது: அடர்த்தி குறைந்த பகுதிகள் குமிழிகளாகக் கிளம்பி, கனமான அடுக்கைத் துளைத்துக்கொண்டு மேலே போகின்றன, சில வேளைகளில் 1000 கிலோமீட்டருக்கும் மேலே. பிளாஸ்மா குமிழி என்று இதற்குப் பெயர். இதன் தடயத்தை 1938இலேயே பெரு நாட்டின் உவாங்காயோவில் புக்கர், வெல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். குமிழிகள் புகைக்கொழுந்து போல எழுவதை அதே நாட்டின் ஹிகமார்க்கா ரேடார் 1976இல் தெளிவாகக் காட்டியது. நம் பக்கத்தில் திருப்பதிக்கு அருகே காதங்கியில், 1024 ஆன்டெனாக்கள் கொண்ட 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் அதே கொழுந்துகளைப் பார்க்கிறது.

ரேடார் படத்தைவிட எனக்கு நெருக்கமானது கேமரா படம். 250 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஆக்சிஜன் அணுக்கள் இரவில் மங்கலான சிவப்பு ஒளியை விடுகின்றன. 630 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அந்த ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை வைத்து, வானம் முழுவதையும் ஒரே சட்டத்தில் அடக்கும் மீன்கண் லென்ஸின் வழியே எடுக்கிறோம். அதற்கு மேகமில்லாத, நிலவில்லாத இரவு வேண்டும். ஐப்பசி மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது, தை முதல் பங்குனி வரை ஓரளவு கிடைக்கும். முதல் படங்களில் வெறும் சாம்பல் வட்டம்தான் தெரியும். எட்டு மணி வாக்கில் மேற்கு ஓரத்தில் வடக்கு தெற்காக ஒரு கறுப்புக் கீற்று தோன்றும், பிறகு அதன் பின்னால் இன்னொன்று. படங்களை வரிசையாக ஓட்டினால், காந்தக் கோடுகளின் போக்கில் நீண்டு கிடக்கும் அந்தக் கீற்றுகள் மணிக்கு சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்ந்து நம் தலைக்கு மேலே கடப்பதைக் காணலாம். வெளியே வந்து வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்த்தால் எப்போதும் போல நட்சத்திரங்கள்தான்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இவற்றுக்கெல்லாம் மேலே, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் சமிக்ஞை அயனிமண்டலத்தைக் கடந்துதான் நம்மிடம் வர வேண்டும். இதில் இரண்டு தொல்லைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வீண் செலவு செய்கிறார்கள். முதலாவது தாமதம்: எலெக்ட்ரான்களால் சமிக்ஞை சற்றுப் பிந்தி வருகிறது, பிற்பகலில் இது மிக அதிகம். செல்போன் போன்ற கருவிகள் பலவும் ஒரு சூத்திரத்தைக் கொண்டு இதில் ஏறக்குறையப் பாதியைச் சரிக்கட்டுகின்றன. இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞையைப் பெறும் கருவி கிட்டத்தட்ட முழுவதையும் நீக்கிவிடும். இரண்டாவது மினுங்கல்: குமிழியின் ஓரங்களில் உள்ள சில நூறு மீட்டர் அளவிலான ஏற்ற இறக்கங்களால், நட்சத்திரம் கண்சிமிட்டுவதைப் போல, சமிக்ஞையின் வலு வினாடிக்கு வினாடி ஏறி இறங்கும், இறங்கும் கணத்தில் கருவி அந்தச் செயற்கைக்கோளைத் தவறவிடும். இதற்கு இரண்டு அலைவரிசை மருந்தன்று. விலை கூடிய கருவிக்கு மாறினாலும் அதே பங்குனி மாலையில் அதே தடுமாற்றம் வரும்.

ஆகவே நில அளவையாளர்களும் ட்ரோன் இயக்குவோரும் கருவியை மாற்றுமுன் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் மினுங்கல் பெரும்பாலும் மாலை ஏழரை மணி முதல் நள்ளிரவு வரை. இரவும் பகலும் சமமாக இருக்கும் பருவங்களை ஒட்டி, அதாவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் செப்டம்பர், அக்டோபரிலும் கூடுதல். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் கூடுதல். இப்போதைய சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. எல்லைக்கல் போன்ற முக்கியப் புள்ளிகளை அந்த நேரங்களில் பதிவு செய்யாதீர்கள். பல நாடுகளின் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளையும் சேர்த்துப் பெறும் அமைப்பை இயக்குங்கள். வானத்தின் ஒரு பக்கம் குமிழியில் சிக்கினாலும் மறுபக்கம் கை கொடுக்கும். கருவி பதிவு செய்த மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள், எந்தச் செயற்கைக்கோளின் சமிக்ஞை எப்போது குலைந்தது என்று அதில் பிறகு பார்க்கலாம். கடலில் இருக்கும் மீனவர்கள் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை, படகு ஓட்டும் தேவைக்குச் சில மீட்டர் பிசகு பொருட்டன்று. விமானங்களுக்கு வழிகாட்டும் நம் ககன் அமைப்புக்குத்தான் இது பெரிய சவால்.

சூரியப் புயல் வந்தால்தான் இப்படி ஆகும் என்று நினைப்பதும் தவறு. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த பெரும் காந்தப்புயலில் லடாக்கின் ஹான்லே வானம்கூடச் சிவந்தது. ஆனால் குமிழிகளுக்குப் புயல் தேவையில்லை. புயல் வரும் நேரத்தைப் பொறுத்து அவை பெருகவும் கூடும், அடங்கிப்போகவும் கூடும்.

அப்படியானால் இன்று குமிழி வருமா, நாளை வருமா என்று சொல்ல முடியுமா? பருவத்தைச் சொல்லலாம், நாளைச் சொல்வது இன்னும் கைவரவில்லை. ஒரே மாதத்தில், ஒரே அளவு சூரியச் செயல்பாட்டில், செவ்வாய்க்கிழமை கிளம்பிய குமிழி புதன்கிழமை கிளம்புவதில்லை. கிளம்புவதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும், அது பெரும்பாலும் கீழிருந்து வருகிறது என்றே நான் கருதுகிறேன். இடி மேகங்கள் எழுப்பும் அலைகள் மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதால் வீச்சில் பெருகுகின்றன; 90 கிலோமீட்டரில் அடர்த்தி தரையில் இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இடைப்பகுதிக்குப் பலூன் ஏறாது, செயற்கைக்கோள் அங்கே தங்காது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் 1992இல் இயங்கத் தொடங்கிய 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் போன்றவைதான் அங்கே வீசும் காற்றைத் தரையில் இருந்தபடி அளந்து தருகின்றன. ஆர்ப்பாட்டமில்லாத வேலை இது. முப்பது ஆண்டுப் பதிவு கையில் இருந்தால்தான் கேட்கக்கூடிய கேள்விகள் பல உள்ளன, விட்டுப்போன ஒரு நாளைப் பிறகு எந்தப் பணத்தைக் கொடுத்தும் அளக்க முடியாது.

அந்த இளைஞர் மறுவாரம் தன் கருவியின் மூலக் கோப்பை எனக்கு அனுப்பினார். அன்றிரவு நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை ஒன்றன்பின் ஒன்றாக, மேற்கில் இருந்தது முதலிலும் கிழக்கில் இருந்தது கடைசியிலுமாகக் குலைந்திருந்தது. எங்கள் கேமரா படங்களை எடுத்து நேரம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தத் திசையில் ஒரு கறுப்புக் கீற்று இருந்தது. அவர் பதினொன்றரை மணிக்கு மேல் அளந்த புள்ளிகள் சரியாகவே இருந்தன. எட்டு மணிக்கும் பத்தரைக்கும் இடையே எடுத்த அறுபது சொச்சப் புள்ளிகளை மட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், போய் மறுபடி அளந்துவிட்டு வந்தார்.