நுவார்: கறுப்பா, இருளா?

மழை பெய்து, தெருவிளக்கு மங்கி, நாயகன் சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டால் அந்தப் படத்தை ‘நுவார்’ என்று எழுதிவிடும் வழக்கம் தமிழ்த் திரை விமரிசனத்தில் வேரூன்றிவிட்டது. தாதா கதையும் நுவார், தொடர்கொலைக் கதையும் நுவார், கடத்தல் கதையும் நுவார். அந்தச் சொல் எதைச் சுட்டுவதற்காக வந்தது என்று பார்த்தால், இவற்றுள் பல அந்தப் பெயருக்கு உரியன அல்ல.

நுவார் என்னும் பிரெஞ்சுச் சொல்லின் நேர்ப்பொருள் ‘கறுப்பு’. அதே பொருளுடைய ‘நிகெர்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சுக்காரர் நாவில் ஏறத்தாழ ‘ந்வார்’ என்று ஒலிக்கும். சொல்லின் முதலில் தனிமெய் நில்லாது என்பதால் தமிழில் உகரம் சேர்ந்து ‘நுவார்’ ஆயிற்று. ‘நொயர்’ என்று எழுதுவது ‘noir’ என்ற எழுத்துக்கூட்டலைக் கண்ணால் மட்டும் படித்ததன் விளைவு.

பாழடைந்த மாளிகைகளும் பேய்களும் உலவிய பழைய திகில் புதினங்களைப் பிரெஞ்சில் ‘ரொமான் நுவார்’, அதாவது கறுப்புப் புதினம், என்றார்கள். 1930களின் இறுதியில், துறைமுகப் பனிமூட்டமும் நம்பிக்கையிழந்த மனிதர்களுமாக வந்த சில பிரெஞ்சுப் படங்களை வலதுசாரிப் பத்திரிகைகள் ‘கறுப்புப் படங்கள்’ என்று பழித்தன. ஆக, இச்சொல் திரையுலகுக்குள் வசைச்சொல்லாகவே நுழைந்தது. 1945இல் காலிமார் பதிப்பகத்துக்காக மர்செல் துஆமெல் தொடங்கிய குற்றப்புதின வரிசை ‘செரி நுவார்’ என்ற பெயரும் கறுப்பு மஞ்சள் அட்டையுமாக வந்தது. செருமானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சுக்குள் வரவியலாத அமெரிக்கப் படங்கள் 1946 கோடையில் பாரிஸ் திரையரங்குகளுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தபோது, நீனோ ஃபிராங்க் என்ற விமரிசகர் அவற்றுள் ஒருசிலவற்றை ‘ஃபில்ம் நுவார்’ என்று அழைத்தார். அவற்றை எடுத்த அமெரிக்கர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. அவர்கள் கணக்கில் அவை வெறும் மெலோடிராமாக்கள், அதாவது மிகையுணர்ச்சிப் படங்கள். ஒரு வகைமைக்குரிய பெயர் அதைப் படைத்தவர்களிடமிருந்து வராமல், கடல் தாண்டிய பார்வையாளரிடமிருந்து வந்தது விந்தைதான்.

இந்தப் பெயரிலுள்ள கறுப்பு எதனுடைய கறுப்பு? 1944இல் பில்லி வைல்டர் இயக்கிய ‘டபுள் இண்டெம்னிட்டி’யைக் காட்டாகக் கொள்ளலாம். காப்பீட்டு முகவர் ஒருவன் லாஸ் ஏஞ்சலீஸ் வீடொன்றில் நுழைகிறான். நேரம் பட்டப்பகல். சன்னல் மறைப்புப் பட்டைகளின் இடுக்கு வழியே வெயில் கீற்றுக்கீற்றாக உள்ளே விழ, அதில் தூசி மிதக்கிறது. அந்தத் தூசி கண்ணில் படுவதற்காக ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகள்களைக் காற்றில் பரப்பினார். வெளியே சூரியன் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே அந்த வீட்டுப் பெண்ணுடன் சேர்ந்து அவள் கணவனைக் கொன்று, விபத்துச் சாவுக்குரிய இருமடங்குத் தொகையைப் பெறும் திட்டம் முளைக்கிறது.

இக்கதையின் வேர் நியூயார்க்கில் நடந்த உண்மைக் கொலை. 1927 மார்ச்சில் ரூத் ஸ்னைடர் என்பவர், பெண்களின் உள்ளாடை விற்பனையாளரான ஜட் கிரே என்ற காதலரோடு சேர்ந்து, இருமடங்கு இழப்பீட்டு விதியுள்ள காப்பீட்டை எடுத்துவிட்டுக் கணவரைக் கொன்றார். இருவரும் 1928 சனவரியில் சிங் சிங் சிறையில் மின்னாற்காலியில் உயிரிழந்தனர். இவர்களுள் யாரும் எந்தக் கும்பலையும் சேர்ந்தவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். கும்பல் தலைவனின் கதை அடித்தளத்திலிருந்து ஏறி உச்சியிலிருந்து விழுவது; அவனுக்குத் தான் யாரென்று தெரியும். நுவாரின் மனிதனோ மாதச் சம்பளமும் சாப்பாட்டு நேரமும் உள்ளவன். ஆசையின் பேரில் ஓரடி எடுத்துவைக்கிறான், அப்புறம் எது வாசல், எது சுவர் என்றே தெரியாமல் தடுமாறுகிறான்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘கறுப்புப் படம்’ என்றால் சிலர் கறுப்பு வெள்ளைப் படம் என்று கொள்வர். கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்ற பழக்கத்தால் வேறு சிலர் கள்ளப் படம் என்று கொள்வர். பழந்தமிழிலோ இச்சொல் வேறொரு திசையில் இழுக்கிறது: ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்பது தொல்காப்பியம். முதலில் சினம், அடுத்த நூற்பாவில்தான் நிறம். ‘மர்மப் படம்’ என்பது கொன்றவன் யார் என்ற புதிரைச் சுட்டும். நுவாரிலோ கொன்றவனே முதற்காட்சியில் வந்து கதை சொல்லலாம். ‘இருண்மை’யைப் பொருள் புரியாக் கவிதைக்கென்று இலக்கிய விமரிசகர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

எஞ்சுவது ‘இருள்’. அதுவே பொருத்தம் என்பது என் துணிபு. ‘இருள்நீங்கி இன்பம் பயக்கும் மருள்நீங்கி மாசறு காட்சி யவர்க்கு’ என்ற குறள் இருளையும் மருளையும் இணைத்தே வைக்கிறது. மருள் என்பது ஒன்றை மற்றொன்றாகக் கண்டு மயங்குவது. நண்பகல் வெயிலிலும் கவியக்கூடிய இருள் அதுதான்.

பொருள், பால் சேர்ந்து பொருட்பால் ஆவதுபோல, இருள், படம் சேர்ந்து ‘இருட்படம்’ ஆகும். புதினத்துக்கு ‘இருட்கதை’ என்னலாம். திரை என்ற சொல்லைச் சேர்க்க விரும்பினால் புணர்ச்சி விதிப்படி ‘இருட்டிரை’ என்று வரும். அதையே ‘இருட்டின் இரை’ என்றும் பிரித்துப் படிக்கலாம். கதைத்தலைவனுக்கு அது அச்சாகப் பொருந்தினாலும் கலைச்சொல்லில் இரட்டைப்பொருள் கூடாது என்பதால் விட்டுவிடுகிறேன். பின்னாளில் வந்த ‘நியோ நுவார்’ ‘புது இருட்படம்’ ஆகும். இதைச் சேர்த்து எழுதினால் ‘புத்திருட்படம்’, ஆனால் கண் முதலில் ‘புத்தி’யைத்தான் படிக்கும். எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 1954இல் பாடலே இல்லாமல் வந்த ‘அந்த நாள்’ பற்றி எழுதுகிறவர்கள், அதைத் தமிழின் தொடக்ககால இருட்படம் என்று இனி எழுதிப் பார்க்கலாம்.